ஒருவரிக் கதையின் எழுவாய்: ஜவ்வாது மலையை முன்வைத்துத் திரைக்கதைக் கருத்துரை குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

திரைப்படக் கதையை ஒரே தொடரில் சொல்லும் 'ஒன்லைன்' முறை, தமிழ்த் திரைத்துறையிலும் காட்சித் தொடர்பியல் வகுப்புகளிலும் நிலைபெற்றுவிட்டது. அத்தொடருக்கு வழங்கப்படும் கருத்துரைகள் பெரும்பாலும் வணிக மதிப்பு பற்றியனவாகவே அமைகின்றன. ஒருவரிக் கதை முதலில் ஒரு தமிழ்த் தொடர் ஆதலின், அதன் எழுவாய், எச்சம், வேற்றுமை உருபு, வினைமுற்று ஆகியவற்றை ஆராய்வதே கருத்துரையின் முதற்பணி என இக்கட்டுரை வாதிடுகிறது. ஜவ்வாது மலையின் தென்புற அடிவாரத்தை ஒட்டிய செங்கம் வட்டாரத்து நடுகல் தொடரும், அம்மலை மக்களைத் தொட்டுச் செல்லும் செம்மரக் கூலி பற்றிய கதைத் தொடர்களும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஒருவரிக் கதை, கருத்துரை, நடுகல், எடுத்தனூர், ஜவ்வாது மலை, சேசாசலம், எழுவாய்

முன்னுரை

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடப்பது ஜவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இதில் மலையாளி என்னும் பழங்குடியினர் மிகுதியாக வாழ்கின்றனர். சாமையும் புளியும் தேனும் விளையும் இம்மலை, தமிழகத்தின் பொது நினைவில் இரண்டு மரங்களோடு சேர்த்தே பேசப்படுகிறது. ஒன்று, மலையிலேயே வளரும் சந்தனம். மற்றொன்று, ஆந்திரத்துக் காடுகளில் வளரும் செம்மரம். முன்னது மலையின் வளம். பின்னது மலைமக்களின் கூலி. திரைக்கதை எழுத முனையும் ஒருவர் இம்மலையைக் களமாகத் தேர்ந்தால், அவர் எழுதும் முதல் தொடரிலேயே இவ்விரண்டில் ஒன்று வந்து நிற்பதற்கு வாய்ப்பு மிகுதி. அத்தொடரை வாசிக்கும் ஆசிரியரோ தயாரிப்பாளரோ என்ன சொல்கிறார் என்பது கதையின் பிற்காலத்தைத் தீர்மானிக்கிறது. முழுத் திரைக்கதையில் நேர்ந்த பிழையைப் பின்னர்த் திருத்தலாம். முதல் தொடரில் யார் எழுவாயாக அமர்ந்தாரோ அவரைச் சுற்றியே பிற காட்சிகள் யாவும் வளரும். ஆகவே இச்சிறு தொடரின் மீதான கருத்துரை, திறனாய்வுத் துறை பொருட்படுத்த வேண்டிய ஒன்றாகிறது.

1. ஒன்லைன்: சொல்லும் வழக்கும்

கோடம்பாக்க வழக்கில் 'ஒன்லைன்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கதையின் கருவை ஒரே தொடரில் சொல்வது ஒன்று. காட்சிக்கு ஒரு வரியாக முழுப்படத்தையும் வரிசைப்படுத்தி எழுதும் பட்டியல் மற்றொன்று; இதனை 'ஒன்லைன் ஆர்டர்' என்பர். முன்னது கேட்பவருக்காக எழுதப்படுவது, பின்னது எடுப்பவருக்காக எழுதப்படுவது. இக்கட்டுரை முன்னதைப் பற்றியது.

ஆலிவுட் மரபில் இதற்குப் பெரும் இடம் உண்டு. பிளேக் சினைடர் 2005இல் வெளியிட்ட 'சேவ் தி கேட்' என்னும் நூல், திரைக்கதை எழுதுவதற்கு முன்பே இத்தொடரை எழுதி, முன்பின் அறியாதவரிடம் சொல்லிப் பார்க்குமாறு பரிந்துரைக்கிறது. தொடரில் ஒரு முரண் இருக்க வேண்டும், கேட்டவுடன் படம் மனத்தில் விரிய வேண்டும், யாருக்கான படம் என்பது தெரிய வேண்டும் என்பன அதன் எதிர்பார்ப்புகள். இவை பயனுள்ளவை, ஆயினும் விற்பனை நோக்கிலிருந்து பிறந்தவை. நம் வகுப்பறைகளிலும் பயிற்சிப் பட்டறைகளிலும் 'யார், என்ன வேண்டும், எது தடை' என்னும் மூன்று வினாக்களாக இவை சுருங்கியுள்ளன. கருத்துரையும் அதற்கேற்ப 'வலு போதாது', 'புதுமை இல்லை', 'நாயகனுக்கு நோக்கம் தெளிவாக இல்லை' என்று அமைகிறது. மாணவர் வேறொரு தொடருடன் திரும்புகிறார். முதல் தொடர் ஏன் பிழைபட்டது என்பதை அறிவதில்லை.

தமிழ் இலக்கியக் கல்விக்கு ஒருவரிக் குறிப்பு புதிதன்று. சங்கத் தொகைப் பாடல்களின் கீழ் அமையும் கூற்று, துறைக் குறிப்புகள் யார் யாரிடம் எந்தச் சூழலில் பேசுகிறார் என்பதை ஒரு தொடரில் உரைக்கின்றன. அக்குறிப்பு வாசிப்பை நெறிப்படுத்துகிறது. சில வேளைகளில் கட்டிப்போடவும் செய்கிறது. பாடலுக்கும் குறிப்புக்கும் பொருத்தம் உண்டா என உரையாசிரியர் காலந்தொட்டு விவாதம் நிகழ்வதை ஆய்வுலகம் அறியும். அந்த விவாதத்தில் நாம் காட்டும் நுட்பத்தை மாணவர் எழுதும் ஒருவரிக் கதையிடம் காட்டுவதில்லை என்பதே இங்குச் சுட்டத்தக்க குறை.

2. எடுத்தனூர் நடுகல் கற்பிக்கும் இலக்கணம்

ஜவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு பாய்ந்து வரும் செங்கம் வட்டாரம், நடுகற்களால் பெயர்பெற்றது. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' தொகுதி இவற்றை ஆய்வுலகின் பார்வைக்குக் கொணர்ந்தது. தொல்காப்பியம் கல் நடுதலைக் காட்சி முதல் வாழ்த்தல் வரையான ஆறு நிலைகளாக வகுத்துக் கூறுகிறது. கல்லில் எழுத்துப் பொறிக்கப்பட்டபோது, அச்சடங்கின் மையத்தில் ஒரு கதைத் தொடரும் இடம்பெற்றது.

எடுத்தனூரில் கிடைத்த நடுகல் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வாணர் தலைவரைச் சார்ந்த ஒருவரின் இளமகனாகிய கருந்தேவகத்தி என்பவன் எருமைகளின் பொருட்டுப் போரிட்டு இறந்ததை அது ஒரே தொடரில் கூறுகிறது. கல்லில் வீரனுடன் ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் தனியே மற்றொரு குறிப்பு உள்ளது.

இத்தொடரின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. அரசனின் பெயரும் ஆண்டும் காலத்தைத் தருகின்றன. தலைவனின் பெயர் இறந்தவன் எந்த அதிகார உறவுக்குள் வாழ்ந்தான் என்பதைத் தருகிறது. எருமை, மோதலின் பொருளைத் தருகிறது. இவை யாவும் அடைமொழிகளாக முன்னே நிற்க, தொடரின் மையத்தில் நிற்பவன் சேவகனே. அரசனும் தலைவனும் அவனை அடையாளப்படுத்தவே வருகின்றனர். அடுத்து, இவ்வட்டாரக் கற்களில் பரவலாகக் காணப்படும் 'பட்டான் கல்' என்னும் முடிபு. இங்குப் 'பட்டான்' என்பது வெறும் வினைமுற்று அன்று. பட்டவனது கல் எனப் பொருள்படும் வினையாலணையும் பெயர். செய்தவனும் செயலும் ஒரே சொல்லாக இணைந்துவிடுகின்றனர். இன்னார் என்ன செய்தார் என்று பிரித்துக் கேட்கும் தேவை எழவில்லை.

நாய்க்குத் தனிக் குறிப்பு அமைந்ததும் பொருளுடையது. கல்லை எழுதுவித்தவர் நாயின் செயலை வீரனின் தொடருக்குள் ஓர் எச்சமாகத் திணிக்கவில்லை. அதற்குப் பெயரும் வினையும் தந்து வேறாக நிறுத்தினார். துணைப்பாத்திரம் முதன்மைத் தொடருக்குள் அடங்காதபோது அதற்கு மற்றொரு தொடரே முறை என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது. கள்வர்க்கோ பெயர் இல்லை. எண்ணிக்கை மட்டுமே உண்டு. கல் யாருடைய பக்கம் நிற்கிறது என்பதும் அத்தொடரிலேயே வெளிப்பட்டுவிடுகிறது.

நடுகல் தொடரைத் திரைக்கதைத் தொடரோடு முற்றிலும் ஒப்பிடல் ஆகாது. கல் முடிவைச் சொல்கிறது. ஒருவரிக் கதை முடிவை மறைத்து ஆவலைத் தூண்டுகிறது. கல் நிகழ்ந்ததற்குச் சான்று. கதை நிகழக்கூடியதற்கு முன்மொழிவு. எனினும் இரண்டுக்கும் பொதுவான ஒரு கட்டாயம் உண்டு. இடம் சிறிது, ஆகவே யாருக்குப் பெயர், யாருக்கு வினை, யாருக்கு வெறும் எண் என்று பங்கிட்டே ஆக வேண்டும். அப்பங்கீட்டை ஆராய்வதே கருத்துரையாளர் செய்ய வேண்டிய பணி.

3. உருபு மாறினால் படம் மாறும்

த.செ. ஞானவேல் இயக்கத்தில் 2021இல் வெளிவந்த 'ஜெய் பீம்' படத்தின் கதையை இரு தொடர்களில் சொல்லிப் பார்க்கலாம். 'காவலில் காணாமற்போன கணவனைத் தேடும் இருளர் பெண்ணுக்காக ஒரு வழக்கறிஞர் போராடுகிறார்' என்பது ஒன்று. 'காவலில் காணாமற்போன கணவனைத் தேடும் இருளர் பெண், ஒரு வழக்கறிஞரின் துணையோடு அரசை எதிர்த்து நிற்கிறாள்' என்பது மற்றொன்று. நிகழ்ச்சிகள் ஒன்றே. முதல் தொடரில் செங்கணி நான்காம் வேற்றுமையில் நிற்கிறாள். இரண்டாவதில் அவளே எழுவாய். படத்தின் முற்பகுதி செங்கணி, ராசாக்கண்ணு ஆகியோரின் வாழ்விலேயே நெடுநேரம் தங்குகிறது. வழக்கறிஞர் சந்துரு நுழைந்தபின் பார்வையின் மையம் நகர்கிறது. படம் இரு தொடர்களுக்கும் இடையே ஊசலாடுகிறது எனலாம். படம் குறித்து எழுந்த 'மீட்பர்' விவாதத்தின் வேர் இந்த ஊசலாட்டத்தில் இருக்கிறது.

வெற்றிமாறனின் 'விசாரணை' வேறொரு சிக்கலைக் காட்டுகிறது. மு. சந்திரகுமார் தம் காவல்நிலைய அனுபவத்தை எழுதிய 'லாக்கப்' நாவல் அதன் மூலம். ஆந்திரத்தில் வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளர் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளுமாறு வதைக்கப்படுகின்றனர் என்னும் தொடர் நாவலுக்குப் போதுமானது. படத்துக்கோ அது பாதி மட்டுமே. அவர்களை மீட்ட தமிழகக் காவலரின் உலகத்துக்குள்ளேயே அவர்கள் மீண்டும் சிக்குவது படத்தின் பிற்பாதி. இங்குக் கருத்துரையாளர் கேட்கவேண்டிய வினா 'தடை என்ன' என்பதன்று; 'இந்த வினைமுற்று படத்தின் இறுதிவரை தாங்குமா' என்பதாகும்.

சுகுமார் இயக்கிய 'புஷ்பா' (2021) தெலுங்குப் படம் தமிழிலும் வெளியானது. செம்மரம் வெட்டும் கூலி ஒருவன் கடத்தல் கூட்டமைப்பின் தலைமையைக் கைப்பற்றுகிறான் என்பது அதன் தொடர். மூன்று வினா வாய்பாட்டின்படி இத்தொடர் குறையற்றது. எழுவாய்க்கு நோக்கம் உண்டு, தடை உண்டு, முரண் உண்டு; உழைப்பாளியே எழுவாயாகவும் இருக்கிறான். ஆயினும் 'கூலி' என்னும் சொல் இங்கு விட்டு நீங்கவேண்டிய தொடக்கப்புள்ளி மட்டுமே. கூலியாகவே இருந்து மடிந்தவர்க்கு இத்தொடரில் இடமில்லை.

அந்த இடமின்மை ஜவ்வாது மலையை நேரடியாகத் தொடுவது. 2015 ஏப்ரல் 7 அன்று சேசாசலம் காட்டுப்பகுதியில் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் 20 பேர் இறந்தனர். இறந்தோர் தமிழகத்தினர், திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தாரே அவர்களுள் மிகுதி. ஜவ்வாது மலைப் பழங்குடியினரும் அதில் அடங்குவர். தாக்க வந்தவர்களைத் தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. பிடித்துவைத்துச் சுட்டதாக மனித உரிமை அமைப்புகள் குற்றம் சாட்டின. அந்நாளைய செய்தித் தலைப்புகளில் 'கடத்தல்காரர்கள் 20 பேர்' என்றும் 'தொழிலாளர் 20 பேர்' என்றும் இருவகை எழுவாய்கள் நிலவின. வினை ஒன்றாக இருந்தும் எழுவாய்ப் பெயர் மாறியதால் இரு வேறு கதைகள் பிறந்தன. எடுத்தனூர்க் கல்லில் கள்வர் 'இருவர்' என்னும் எண்ணாக நின்றது போல, இங்கு மலைமக்கள் '20' என்னும் எண்ணாக நின்றனர்.

4. மூன்று மாதிரித் தொடர்களும் கருத்துரைகளும்

மேற்கண்ட அணுகுமுறையைச் செயல்முறையில் காட்டும்பொருட்டு, வகுப்பறையில் எழக்கூடிய தொடர்களை ஒத்து மூன்று மாதிரிகள் இக்கட்டுரைக்கென அமைக்கப்பட்டுள்ளன.

முதல் மாதிரி: 'செம்மரக் கடத்தலை ஒழிக்க ஜவ்வாது மலைக்கு மாற்றலாகி வரும் நேர்மையான காவல் அதிகாரி, மலைமக்களின் துன்பத்தைக் கண்டு மனம் மாறி, கடத்தல் தலைவனை வீழ்த்துகிறார்.'

வழக்கமான கருத்துரை 'பழைய கதை' என்று இதனை ஒதுக்கும். அவ்வாறு ஒதுக்குவதால் எழுதியவருக்குப் பயன் இல்லை. முதலில் களப்பிழையைச் சுட்ட வேண்டும். செம்மரம் இயல்பாக வளரும் காடுகளில் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. ஜவ்வாது மலையிலிருந்து செல்வது அதனை வெட்டும் உழைப்பு. மரத்தின் இடத்தையும் மனிதரின் இடத்தையும் ஒன்றாக்கியதால், கதையின் உயிர்நாடியான பயணமும் மாநில எல்லையும் மொழி வேறுபாடும் காணாமற்போயின. அடுத்து, 'மலைமக்களின் துன்பம்' என்னும் ஆறாம் வேற்றுமைத் தொகுதியில் மக்கள் துன்பத்துக்கு அடைமொழியாகிவிட்டனர். அவர்கள் ஒரு வினையும் செய்யவில்லை. இங்குத் தரவேண்டிய கருத்துரை: 'இத்தொடரில் மலையாளி ஒருவர் செய்யும் வினை ஒன்றைச் சேர்க்கவும், சேர்த்தபின் அதிகாரி இன்னும் தேவைப்படுகிறாரா எனப் பார்க்கவும்.'

இரண்டாம் மாதிரி: 'மேசன் வேலை எனப் பொய் சொல்லிச் செம்மரம் வெட்ட அழைத்துச் செல்லப்பட்ட ஜவ்வாது மலை இளைஞன், சேசாசலக் காட்டிலிருந்து உயிர்தப்பி ஊர் திரும்ப வேண்டும்.'

எழுவாய் சரியான இடத்துக்கு வந்துவிட்டது. களமும் தெளிவு. இதனைப் பாராட்டியே தொடங்க வேண்டும். ஆனால் 'அழைத்துச் செல்லப்பட்ட' என்னும் செயப்பாட்டுவினை எச்சம் ஒரு நெறிசார் முடிவை மறைத்து வைத்திருக்கிறது. இளைஞன் ஏமாற்றப்பட்டவன் ஆதலால் தூய்மையானவன். தூய்மையானவன் ஆதலால் நம் இரக்கத்துக்கு உரியவன். தெரிந்தே சென்றவன் என்றால் அவன் சாவு நியாயமாகிவிடுமா? இத்தொடர் அவ்வினாவை எழவிடாமல் தடுக்கிறது. எழுத்தாளரின் நோக்கம் அதுவாக இராது. வாய்பாடு கோரும் 'அனுதாபத்துக்குரிய நாயகன்' என்னும் நிபந்தனை அவரை அங்குக் கொண்டுசென்றிருக்கிறது. மேலும் 'வேண்டும்' என்னும் முடிபு ஆங்கிலத் தொடரமைப்பின் நிழல். அது தேவையைச் சொல்கிறதேயன்றித் தெரிவைச் சொல்லவில்லை. கருத்துரை: 'அவன் தெரிந்தே போனான் என எழுதிப் பார்க்கவும். பிறகும் கதை நின்றால், அதுவே உங்கள் கதை.'

மூன்றாம் மாதிரி: 'வாங்கிய முன்பணத்துக்காகச் செம்மரம் வெட்டச் சென்ற கணவன் திரும்பாததால், அவனை அழைத்துப்போன தரகனாகிய தன் அண்ணனையே வழித்துணையாகக் கொண்டு ஜவ்வாது மலைப்பெண் ஒருத்தி ஆந்திரத்துக்குப் புறப்படுகிறாள்.'

இங்கு எழுவாய் வினை செய்கிறாள். முன்பணம் என்னும் ஒற்றைச் சொல் பொருளாதாரக் காரணத்தைச் சுமக்கிறது. கணவன் தெரிந்தே சென்றவன். குற்றவாளியும் துணைவனும் ஒருவனே ஆனதால், முரணைச் செயற்கையாகத் தேடவேண்டியதில்லை. அது உறவுக்குள்ளேயே இருக்கிறது. 'அண்ணனையே' என்பதன் ஏகாரம் அதனைத் தாங்குகிறது. எஞ்சும் வினா ஒன்று உண்டு: அவள் தேடுவது கணவனையா, உடலையா, நீதியையா? 'புறப்படுகிறாள்' என்னும் வினை அதனைத் திறந்தே வைக்கிறது. ஆவலுக்கு அது நல்லது. எழுதுபவர் தமக்குள் விடையறிந்து திறந்து வைத்தாரா, அறியாமல் விட்டாரா என்பதே கேட்கத்தக்கது. கருத்துரையாளர் விடையைத் தாமே தந்துவிடலாகாது. தந்தால் அத்தொடர் அவருடையதாகிவிடும்.

5. தொடர் யாருக்கு உரியது?

கடைசியாகச் சொன்னது நாகரிகம் பற்றியது மட்டுமன்று. உரிமை பற்றியதும் ஆகும். ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் பிலிம்ஸ் வழக்கில் (1978) உச்ச நீதிமன்றம், கருத்துக்கும் கருப்பொருளுக்கும் பதிப்புரிமை இல்லை, அவற்றை வெளிப்படுத்தும் வடிவத்துக்கே உண்டு என்னும் நெறியை வகுத்தது. அதன்படி ஒருவரிக் கதையின் கரு சட்டப் பாதுகாப்பின் வெளியே நிற்கிறது. ஆனால் தொழில்வழக்கு வேறு. 2018இல் 'சர்கார்' படம் தொடர்பாக, வருண் ராஜேந்திரன் தாம் பதிவு செய்திருந்த 'செங்கோல்' கதையோடு ஒற்றுமை இருப்பதாக முறையிட்டார். பாக்யராஜ் தலைமையிலான தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கம் இரண்டின் கருவும் ஒன்றே என்னும் நிலைப்பாட்டை எடுத்தது. தன் வாக்கை வேறொருவர் செலுத்திவிட்டதை அறிந்தவனின் போராட்டம் என்பதே அக்கரு. ஒற்றுமை அந்த அளவில் மட்டுமே என்றது இயக்குநர் தரப்பு. சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு உடன்பாட்டில் முடிந்து, படத்தில் அவருக்கு ஏற்பு வழங்க ஒப்புக்கொள்ளப்பட்டது. சட்டம் காக்காத ஒற்றைத் தொடருக்குத் தொழில் அறம் மதிப்பளித்ததை இதன்வழிக் காண்கிறோம்.

வகுப்பறையிலும் அவ்வறம் பொருந்தும். மாணவர் சொன்ன தொடரைப் பிறரிடம் பகிர்வதும், 'இப்படி மாற்றினால் என்ன' என்று கதையைத் தம்வயப்படுத்துவதும் கருத்துரையின் எல்லையைக் கடப்பன. வினா எழுப்புவதும், தொடரின் உறுப்பைச் சுட்டுவதும் எல்லைக்குள் அடங்குவன. ஜவ்வாது மலைபோன்ற களத்தில் மூன்றாவது தரப்பும் ஒன்று உண்டு: யாருடைய வாழ்வு தொடராகிறதோ அவர்கள். அவர்கள் எந்தச் சங்கத்திலும் தம் கதையைப் பதிவு செய்தவர்கள் அல்லர். எனவே அவர்கள் சார்பில் கேட்கப்பட வேண்டிய வினாவையும் கருத்துரையாளரே கேட்கும் கடப்பாடு உடையவர்.

முடிவுரை

ஒருவரிக் கதையால் ஒரு படத்தின் நிலக்காட்சியையோ, வட்டார வழக்கையோ, மௌனத்தையோ காட்ட இயலாது. அவற்றை அதனிடம் எதிர்பார்த்துக் குறை காணுதல் முறையன்று. அது காட்டக்கூடியது ஒன்றே: சிறிய இடத்தில் யார் எங்கு நிற்கின்றனர் என்னும் பங்கீடு. எழுவாயாக நிற்பவர் யார், பெயரெச்சத்துள் அடங்கியவர் யார், நான்காம் வேற்றுமையில் உதவி பெறுபவராகவே நிறுத்தப்பட்டவர் யார், எண்ணாகச் சுருங்கியவர் யார், இறுதி வினைமுற்று கதையின் முடிவுவரை தாங்குமா என்னும் வினாக்கள் இலக்கணம் கற்ற எவரும் எழுப்பக்கூடியவை. திரைத்துறைப் பட்டறிவு இல்லாத தமிழாசிரியரும் இவற்றைக் கொண்டு பயனுள்ள கருத்துரை வழங்க முடியும்.

சேவகன் ஒருவனை மையத்தில் வைத்து, அவன் நாய்க்கும் பெயர் எழுதிய கல் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் எழுப்பப்பட்டது. அதே மலையிலிருந்து கூலிக்குச் சென்றவர்களைப் பற்றி இன்று எழுதப்படும் ஒருவரிக் கதை, அவர்களுள் ஒருவருக்கேனும் ஒரு பெயரும் ஒரு வினையும் தருகிறதா என்பதைக் கருத்துரையாளர் முதல் வாசிப்பிலேயே கேட்டல் வேண்டும்.